ப்யூக்குக்கு வழி தெரியும்

பிணம் தயார். ரத்தம் தயார். எமன்கூடக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூட அடுக்களை வாசலில் நின்று சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். கார்தான் இன்னும் வந்து சேரவில்லை.

"நசுங்குன காரா? அது போயிடுச்சே வாத்தியாரே," என்றான் லைல். பழுதான வண்டிகளைக் கட்டி இழுத்துப் போகிற லாரி எங்கள் ஊரில் அவனிடம் மட்டும்தான் உண்டு.

வெர்லின் டோலஃப்சன் போனை இறுகப் பிடித்துக்கொண்டார். "போயிடுச்சுன்னா? எங்க போச்சு?"

"பழைய இரும்புக்காரன் காலையில வந்தான். இருந்ததையெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டான்."

"அதை எனக்குன்னு தனியா எடுத்து வைன்னு போன மாசமே சொன்னேனே."

"தனியாத்தான் வெச்சிருந்தேன். தனியா நின்னதாலதான் அவன் கண்ணுல மொதல்ல பட்டுச்சு."

டோலஃப்சன் எங்கள் எல்க்ஹாலோ உயர்நிலைப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஆசிரியர். விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்கு மூலையில் கிடக்கிற இந்த ஊரில், பிரேக்கை மிதிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் அவரிடம் படித்தவர்கள். மிதிக்கத் தெரியாதவர்களும் அவரிடம் படித்தவர்கள்தான். ஆண்டுதோறும் மே மாதம், பிள்ளைகளின் நடன விருந்துக்கு முந்தின நாள், பள்ளி மைதானத்தில் அவர் ஒரு விபத்தை நடத்துவார். நசுங்கின கார், அதன் மேல் செத்துக் கிடக்கிற மாணவி, பக்கத்தில் குடிபோதையில் தள்ளாடுகிற மாணவன், சைரனோடு ஓடிவரும் தீயணைப்பு வண்டி, காரை வெட்டுகிற இயந்திரம், கடைசியாகக் கையில் அரிவாளோடு எமன். எருமை மட்டும்தான் இல்லை. குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் இதுதான் கதி என்று பிள்ளைகள் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

பிள்ளைகளும் பார்த்தார்கள். பார்த்துச் சிரித்தார்கள். கணக்கு வகுப்பு ஒன்று மிச்சமானதற்காக மனமார நன்றி சொன்னார்கள். ஆகவே இந்தக் கூத்தை இந்த ஆண்டோடு நிறுத்திவிடலாமா என்று பள்ளியின் நிர்வாகக் குழு திங்கட்கிழமை கூடி முடிவெடுப்பதாக இருந்தது.

டோலஃப்சனின் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்ட டேரின் என்ற பையன் இப்படி ஒரு விருந்துக்குப் போய்விட்டு வீடு திரும்பவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் ஆரம்பித்த நிகழ்ச்சி இது. ஒவ்வொரு ஆண்டும், பிள்ளைகளில் ஒன்றாவது காதில் வாங்கிக்கொண்டால் போதும் என்று வேண்டிக்கொள்வார். ஒன்றாவது வாங்கிக்கொண்டதா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

குழுவின் தலைவர் வென்டல் ஹார்ட்விக் அன்று நேரில் பார்க்க வந்திருந்தார். அவர் கையைத் தூக்கினால் நிகழ்ச்சி பிழைக்கும், இறக்கினால் போய்விடும். அவர் மனதை இளக்குவதற்கு டோலஃப்சன் ஒரு தந்திரம் செய்து வைத்திருந்தார். ஹார்ட்விக்கின் ஒரே மகள் ட்ரூடியையே பிணமாகப் போட்டிருந்தார். யார் சாகிறீர்கள் என்று வகுப்பில் கேட்டபோது அவளே முதலில் கையைத் தூக்கியதால் காரியம் சுலபமாக முடிந்தது.

கார் இல்லாமல் பிணத்தை எதன் மேல் போடுவது?

"லைல், வேற எந்த வண்டியாவது இருக்கா?"

"ஒரு டிராக்டர் இருக்கு."

"டிராக்டர்ல யாருப்பா விருந்துக்குப் போறாங்க?"

"என் மச்சான் போனான்," என்றான் லைல்.

டோலஃப்சன் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். அவருடைய சொந்தக் கார், பழுப்பு நிற ப்யூக், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால் நின்றிருந்தது. கிழட்டு வண்டி. அதை எப்போது தொலைக்கப் போகிறாய் என்று அவர் மனைவி மார்லிஸ் கேட்காத நாளில்லை.

"என் வண்டியை எடுத்துக்கோ," என்றார்.

"நிஜமாவா?" என்றான் லைல்.

"நிஜமாத்தான். ஜிம்முக்குப் பின்னாடி நிக்குது. சாவியை ஓட்டுறவர் தலைக்கு மேல வெயில் மறைப்புல செருகி வைக்கிறேன். சாவி அங்க இருந்தா அதான் வண்டின்னு தெரிஞ்சுக்கோ. நம்பர் பலகையைக் கழட்டிடு. மூக்கை நல்லா நசுக்கு, கண்ணாடியை உடை, மைதானத்து நடுவுல வெச்சு மேல தார்ப்பாயைப் போட்டு மூடு. எல்லாம் ஒரு மணிக்குள்ள."

"எத்தனை வருஷமா இப்படி ஒரு வேலைக்காகக் காத்திருந்தேன் வாத்தியாரே," என்றான் லைல். அவன் குரல் தழுதழுத்தது.

இவ்வளவு அடையாளம் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒரு காலத்தில் பக்கத்து ஊர் கார் வியாபாரி பழுப்பு நிற ப்யூக்குகளைத் தேவைக்கு மேல் தருவித்துவிட்டு, விற்காமல் தவித்தார். விலையை இறக்கினார். எங்கள் ஊர்க்காரர்கள் விலை இறங்கினால் விடுகிறவர்கள் அல்ல. அன்று முதல் ஊரில் பாதிப் பேரிடம் ஒரே கார். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போவதும் எங்கள் வழக்கம். அதனால் கடைக்குப் போனவர் அடுத்தவர் ப்யூக்கை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவதும், பைக்குள் தான் வாங்காத பன்றி இறைச்சி இருப்பதைக் கண்டு திரும்பக் கொண்டுபோய் விடுவதும் வாரந்தோறும் நடப்பது. சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறவர் டோலஃப்சன் ஒருவர்தான். பாடம் நடத்துகிறவர் அல்லவா.

அவர் மார்லிஸுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

"அழறியா மார்லிஸ்?"

"சந்தோஷத்துல," என்றாள் மார்லிஸ்.

ட்ரூடி ஹார்ட்விக் அதே அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சோளப் பாகும் சிவப்புச் சாயமும் கலந்த ரத்தத்தை அவள் நெற்றியில் டோலஃப்சன் தானே பூசிக்கொண்டிருந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். ஓட்டும்போது இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்புகிற அபூர்வப் பிறவி.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு. கன்னத்தை ஆட்டாதே."

"குடிச்சவங்ககிட்ட சாவி இருந்தா கெஞ்சுங்க, பிடுங்குங்க, ஒளிச்சு வைங்கன்னு சொல்வீங்களே."

இது டோலஃப்சன் ஒவ்வொரு வகுப்பு முடிவிலும் சொல்கிற வசனம். பிள்ளைகள் அவருக்கு முன்னால் ஒப்பித்துக் கேலி செய்வார்கள்.

"ஆமா. அதுக்கென்ன?"

"கெஞ்சியும் குடுக்கலைன்னா? ஒளிச்சு வெச்சா இன்னொரு சாவி எடுத்துட்டா?"

டோலஃப்சன் கடிகாரத்தைப் பார்த்தார். "அப்ப வேற ஏதாவது பண்ணணும் ட்ரூடி. சும்மா மட்டும் இருக்கக் கூடாது. இந்தா, இந்தச் சாவியைக் கொண்டுபோய் என் வண்டியில, வெயில் மறைப்புல செருகிட்டு ஓடிவா."

அவள் போனாள். போனவள் வெகு நேரம் வரவில்லை. ரத்தம் வழியும் முகத்தோடு நடைபாதையில் ஓடியவளைப் பார்த்து அடுக்களைப் பெண்மணி ஒரு தட்டு உருளைக்கிழங்கைக் கீழே போட்டார் என்று தகவல் வந்தது. கடைசியில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஒரு சாவி செருக இவ்வளவு நேரமா?"

"மன்னிச்சுக்கோங்க சார். பாகு கண்ணுக்குள்ள போயிடுச்சு."

"சரி சரி, மூச்சை அடக்கு. பொணத்துக்கு மேல்மூச்சு வாங்கக் கூடாது. இன்னொண்ணு, என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. போன வருஷப் பொணம் நடுவுல தண்ணி கேட்டுச்சு."

"திறக்க மாட்டேன் சார்," என்றாள் ட்ரூடி.

மைதானத்தில் பள்ளி முழுவதும் கூடிவிட்டது. டோலஃப்சன் மேல் வரிசையில் ஹார்ட்விக்கின் பக்கத்தில் இடம் பிடித்தார். ஹார்ட்விக் கார் காப்பீடு விற்கிறவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. அவருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஏரிக்கரை கிளப்பில் வெள்ளிக்கிழமை தோறும் மீன் வறுவல் போடுவார்கள். அங்கே ஹார்ட்விக் அக்கார்டியன் என்ற துருத்தி வாத்தியம் வாசிப்பார். அவர் வாசித்தால் இடுப்பு வலிக்காரர்கள்கூட எழுந்து ஆடுவார்கள். பாட்டுக்கு ஒரு பிராந்தி என்ற கணக்கில் உள்ளே போகும். பிறகு அக்கார்டியனைக் காரின் பின்பெட்டியில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைச் சாலை வழியாக வீட்டுக்கு ஓட்டிப் போவார். "இந்த நிலைமையில எப்படிப் போவே?" என்று யாராவது கேட்டால், "எனக்குத் தெரியாது, ப்யூக்குக்கு வழி தெரியும்," என்பார். எல்லோரும் சிரித்துக் கையாட்டி அனுப்பி வைப்போம். டோலஃப்சனும் கையாட்டுவார். எங்கள் ஊரில் ஒருவரிடமிருந்து சாவியைப் பிடுங்குவது, கால்சட்டையை உருவுவதற்குச் சமம்.

தார்ப்பாயை இழுத்தார்கள். மூக்கு நசுங்கிய பழுப்பு நிறப் ப்யூக், அதன் முன்மூடி மேல் குப்புறக் கிடக்கிற ட்ரூடி. லைல் கஞ்சத்தனம் பார்க்காமல் நசுக்கியிருந்தான். தியாகம் செய்த பெருமையில் டோலஃப்சனின் நெஞ்சு விம்மியது.

"என் வண்டி மாதிரியே இருக்கே," என்றார் ஹார்ட்விக்.

"ஊர்ல எல்லார் வண்டியும் அப்படித்தான வென்டல்."

"பின் பம்பர்ல அதே பள்ளம்."

"கிளப் தூண்ல இடிச்சா எல்லா ப்யூக்குக்கும் அதே இடத்துலதான் பள்ளம் விழும்."

"அதுவும் சரிதான்," என்றார் ஹார்ட்விக்.

குடிகாரனாக நடிக்க வேண்டிய காலெப் பரம சாது. குடித்தவன் எப்படி நடப்பான் என்று தெரியாமல் ஒத்திகையில் நொண்டிக்கொண்டிருந்தான். "உங்க மாமாவை நினைச்சுக்கோ," என்று டோலஃப்சன் ஒரே வார்த்தை சொன்னார். இப்போது அச்சு அசலாகத் தள்ளாடினான். "டேய், மாமா வந்துட்டாருடா," என்று பிள்ளைகள் கத்தினார்கள். சிரிப்பு மைதானத்தைச் சுற்றி வந்தது.

சைரன் ஊதிக்கொண்டு தீயணைப்பு வண்டி வந்தது. தலைவன் கார்டி, டோலஃப்சனின் பழைய மாணவன். வெட்டுகிற இயந்திரம் புதிதாக வந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட இதுவரை அவனுக்கு ஒரு விபத்து வாய்க்கவில்லை. கூரையை மட்டும் வெட்டு என்று டோலஃப்சன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கார்டி கூரையை வெட்டினான். கை நிற்கவில்லை. கதவை வெட்டினான். கதவுகளுக்கு நடுவிலிருந்த கம்பத்தை வெட்டினான். பின்பக்கம் போய், வெட்ட வேண்டிய அவசியமே இல்லாத பின்பெட்டியை இயந்திரத்தால் பிளந்தான்.

பெட்டி வாயைத் திறந்தது. உள்ளே இருந்த அட்டைப்பெட்டி சரிந்து, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன அட்டைகள் காற்றில் கிளம்பி மைதானமெங்கும் பறந்தன. ஒன்று சுழன்று வந்து டோலஃப்சனின் மடியில் விழுந்தது. அதில் ஹார்ட்விக்கின் சிரித்த முகமும், கீழே கொட்டை எழுத்தில் இப்படியும் இருந்தது: 'வென்டல் ஹார்ட்விக். உங்கள் கார், என் பொறுப்பு.'

டோலஃப்சன் அட்டையைப் பார்த்தார். ஹார்ட்விக் டோலஃப்சனைப் பார்த்தார்.

"வெர்லின்," என்றார் ஹார்ட்விக் மெதுவாக. "அது என்னோட வண்டிதான்யா."

சொல்லிவிட்டு எழுந்தார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி எங்கள் ஊர் பார்த்ததில்லை. "நிறுத்து, நிறுத்து," என்று கையை வீசிக்கொண்டே படிகளில் இறங்கி ஓடினார். செத்த பெண்ணின் அப்பா வருகிறார் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது. கார்டியும் அப்படியே நினைத்துக்கொண்டு, சமயம் பார்த்து, வெள்ளைத் துணியை இழுத்து ட்ரூடியின் முகத்தை மூடினான்.

ஹார்ட்விக் கார்டியின் சட்டையைப் பிடிக்கத்தான் போனார். அதற்குள் அவர் பார்வை துணிக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்த கையில் விழுந்தது. அவருடைய காரின் உடைந்த கண்ணாடிக்கு மேல், அவருடைய மகளின் கை.

அவர் நின்றுவிட்டார். காரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"ட்ரூடி," என்றார்.

ட்ரூடி அசையவில்லை. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தாரே.

"ட்ரூடி. எந்திரிம்மா."

காகித அட்டைகள் புல்லில் சரசரத்தது மட்டும் கேட்டது. ஹார்ட்விக் முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எமன் வேடத்தில் இருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிள்ளைகளில் சிலர் அழுதார்கள். டோலஃப்சன் மேலே நின்ற இடத்தில் அப்படியே நின்றார். டேரினின் அப்பாவும் அன்று இப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

துணிக்கு அடியிலிருந்து அந்தக் கை நகர்ந்து வந்து ஹார்ட்விக்கின் விரலைப் பிடித்தது. துணி கொஞ்சம் விலகியது. ஒரு கண் தெரிந்தது.

"அப்பா, நான் செத்துட்டேன். போய் உக்காருங்கப்பா."

மைதானம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்கள் பலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தார்கள் என்பதை டோலஃப்சன் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நிகழ்ச்சிக்குப் பிறகு கார்டி வந்து ஒரு சாவியை நீட்டினான். "வெயில் மறைப்புல செருகி இருந்துச்சு சார். உங்க சாவி மாதிரி இருக்கு."

டோலஃப்சனுக்கு விஷயம் புரிந்தது. ஹார்ட்விக்கும் காரை ஜிம்முக்குப் பின்னால்தான் நிறுத்தியிருக்கிறார். இரண்டு ப்யூக் பக்கத்தில் பக்கத்தில். கண்ணுக்குள் பாகு போன பெண், அவசரத்தில், சாவியைத் தன் அப்பா வண்டியில் செருகிவிட்டாள். பாவம், குழந்தை. வெளியே தெரிந்தால் வீட்டில் என்ன பாடு படுமோ. டோலஃப்சன் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு நேரே ஹார்ட்விக்கிடம் போனார்.

"தப்பு என்னோடதுதான் வென்டல். லைலுக்கு நான்தான் சரியா அடையாளம் சொல்லலை."

ஹார்ட்விக் அதைக் காதில் வாங்கவே இல்லை. பிளந்து கிடந்த பின்பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். "என் அக்கார்டியன் எங்கய்யா? கார் போகட்டும். அது எங்கப்பா வாசிச்சது. இங்கதான் இருந்துச்சு."

எல்லோரும் தேடினார்கள். மீன்பிடிக் காலணி இருந்தது, பவுலிங் பந்து வைக்கிற பை இருந்தது, அக்கார்டியனை மட்டும் காணவில்லை.

காப்பீடு விற்கிற ஹார்ட்விக், வாழ்க்கையில் முதல் முறையாகத் தனக்காகத் தன் கம்பெனிக்குப் போன் செய்தார். பக்கத்தில் நின்ற டோலஃப்சனுக்கு அந்தப் பெண்ணின் குரல் தெளிவாகக் கேட்டது.

"காரை யார் சார் சேதப்படுத்தினது?"

"தீயணைப்புப் படை."

"உள்ள யாராவது மாட்டிக்கிட்டிருந்தாங்களா?"

"இல்லை."

"பின்ன யார் உயிரைக் காப்பாத்த சார் வெட்டினாங்க?"

ஹார்ட்விக் யோசித்துப் பார்த்தார். "அதான் எனக்கும் தெரியலை," என்றார்.

சாயங்காலம் டோலஃப்சன் தன் ப்யூக்கிலேயே வீட்டுக்குப் போனார். வாசலில் அதைப் பார்த்ததும் மார்லிஸின் முகம் தொங்கிவிட்டது. "மறுபடியும் இதையேவா கூட்டிட்டு வந்தே?" என்றாள். அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "நிகழ்ச்சியை நிறுத்திட்டா அடுத்த வருஷம் உனக்கு இவ்வளவு தலைவலி இருக்காதுல்ல," என்றாள் மார்லிஸ். அதைக் கேட்டு அவர் தட்டையும் நகர்த்தி வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, அக்கார்டியன் பேண்ட் வாத்திய அறையில், பெரிய டிரம்முக்குப் பின்னால் பத்திரமாகக் கிடைத்தது. மேலே யாரோ துணிகூடப் போர்த்தியிருந்தார்கள். அங்கே எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹார்ட்விக்தான் எப்போதோ வைத்துவிட்டு மறந்திருப்பார் என்று ஊர் முடிவு செய்தது. அவருடைய வெள்ளிக்கிழமைகளை அறிந்தவர்களுக்கு அதை நம்புவது சிரமமாக இல்லை. ஹார்ட்விக்கே நம்பினார்.

சாயங்காலம் குழு கூடியது. டோலஃப்சன் எழுந்து, கார் மாறியதற்கு முழுப் பொறுப்பும் தனக்கே என்றார். தன் ப்யூக்கை ஹார்ட்விக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார். மார்லிஸ் பின்வரிசையிலிருந்து பலமாகக் கைதட்டினாள்.

"எனக்கு உன் வண்டி வேண்டாம்யா," என்றார் ஹார்ட்விக். "பழக்கத்தை விட முடியலை, வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் போனேன். ட்ரூடிதான் அவ அம்மா வண்டியில கொண்டுபோய் விட்டா, அவளே திரும்பக் கூட்டிட்டு வந்தா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். ஏரிக்கரைச் சாலையில, ஐஸ் கிடங்கு தாண்டினதும், இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் தண்ணி, இவ்வளவு பெரிய வளைவு இருக்குய்யா. இத்தனை வருஷமா அந்த வழியா போறேன். அதை நான் பார்த்ததே இல்லை."

ஹார்ட்விக் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அன்னிக்கு என் வண்டி மேல என் பொண்ணு படுத்திருந்ததைப் பார்த்தேன். அதுக்கப்புறம் எனக்கு வேற எதுவும் பேசத் தோணலை. வருஷா வருஷம் நடத்துங்க," என்று கையைத் தூக்கினார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. "ஆனா வண்டியை மட்டும் என்னைக் கேட்டுட்டு எடுங்க."

டோலஃப்சன் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள், ஹார்ட்விக் எழுந்து வந்து, அவர் முதுகில் பலமாகத் தட்டினார்.

காப்பீட்டுக் கம்பெனி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஹார்ட்விக்கும் புதுக் கார் வாங்க அவசரப்படவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ட்ரூடி கிளப்புக்கு வெளியே காரில் காத்திருந்தாள். அடுத்த வாரம் காலெப், தன் மாமாவுக்காக வந்து பக்கத்தில் நின்றான். அதற்கடுத்த வாரம் வரிசையே நின்றது. பிள்ளைகள் கார்களில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத, கிளப்காரர் அவர்களுக்குப் பொரித்த பாலாடைக்கட்டியைச் சும்மா கொடுத்தனுப்பினார். ஏன் என்று கேட்டதற்கு, "என் தூண் இப்பல்லாம் நிம்மதியா நிக்குது," என்றார்.

பள்ளிக்கூடம் மூடுகிற கடைசி நாள். டோலஃப்சன் அறையைப் பூட்டப் போன நேரம் ட்ரூடி ஒரு தட்டில் இனிப்புப் பலகாரத்தோடு வந்தாள்.

"செர்ரி பை சார். அம்மா செஞ்சாங்க. உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எனக்கெதுக்கு நன்றி? உங்க காரை வெட்டினதுக்கா?"

"ஆமா சார்."

டோலஃப்சன் சிரித்துவிட்டார். தட்டை வாங்கி மேசையில் வைத்தார். பல நாளாக மனதில் இருந்ததை இப்போதாவது சொல்லிவிடலாம் என்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"ட்ரூடி, ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு நீ சாவியை வண்டி மாத்தி வெச்சது எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். ரெண்டும் ஒரே மாதிரி வண்டி, கண்ணுல பாகு வேற. யாருக்கும் வர்ற தப்புதான். நீ அதை நினைச்சு வருத்தப்படாதே."

ட்ரூடி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் அவ்வளவு அன்பு இருந்தது. வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"வருத்தமெல்லாம் இல்லை சார். அப்பா அக்கார்டியன் வாசிச்சா எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதான் அதை மட்டும் மொதல்ல எடுத்துட்டுப் போய் பேண்ட் ரூம்ல வெச்சுட்டு, அப்புறமா வந்து சாவியைச் செருகினேன்."